சிஎன்சி ஸ்டெப்பர் மோட்டார்: டிரைவர் அமைப்பும் பவர் சப்ளையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய ரூட்டர், மில், பிளாஸ்மா மேசை ஆகியவற்றைத் தாங்களே கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிஎன்சி என்பது கணினி ஆணைப்படி இயங்கும் இயந்திரம். ஸ்டெப் எனும் சிறு சிறு கோணமாகச் சுழன்று அதன் அச்சுகளை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார்; அதன் சுருள்களுக்கு மின்னோட்டம் ஊட்டும் சுற்று டிரைவர். கணக்குகளுக்கெல்லாம் ஒரே மோட்டாரை எடுத்துக்கொள்கிறேன்: நெமா 23 அளவு, பேஸுக்கு (ஒரு சுருளுக்கு) 3 ஆம்பியர், சுருளின் மின்தடை 1.1 ஓம், இன்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் அளவு) 3.2 மில்லிஹென்றி, சுற்றுக்கு 200 ஸ்டெப். அது சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்க்ரூ என்னும் திருகுத்தண்டைச் சுழற்றுகிறது. உங்கள் மோட்டாரின் எண்களை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள், வழிமுறை மாறாது.

மோட்டார் லேபிளில் 3.3 வோல்ட் என்று போட்டிருக்கிறது. 48 வோல்ட் கொடுத்தால் எரிந்துவிடாதா?

எரியாது. 3 ஆம்பியரை 1.1 ஓமால் பெருக்கினால் வருவதுதான் அந்த 3.3 வோல்ட். அசையாமல் நிற்கும் மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தால் எத்தனை வோல்ட்டில் 3 ஆம்பியர் ஓடும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. இன்றைய டிரைவர்கள் சாப்பர் வகையைச் சேர்ந்தவை. சுருளில் ஓடும் மின்னோட்டத்தை இடைவிடாமல் அளந்து, நீங்கள் வைத்த அளவை எட்டியதும் துண்டித்து, குறைந்ததும் மறுபடி இணைக்கின்றன. இது நொடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கிறது. ஆகவே பின்னால் 24 வோல்ட் இருந்தாலும் 48 வோல்ட் இருந்தாலும் சுருள் காண்பது நீங்கள் வைத்த ஆம்பியரைத்தான்.

மின்னோட்டக் கட்டுப்பாடு இல்லாத எல்298 போன்ற பழைய பாலச் சுற்றுகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் 48 வோல்ட் கொடுத்தால் சுருளும் போகும், சிப்பும் போகும். அவற்றைச் சிஎன்சி வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

3.3 வோல்ட் போதுமென்றால் 48 வோல்ட் எதற்கு?

வேகத்துக்கு. சுருள் ஒரு இன்டக்டர். அதில் மின்னோட்டம் உடனே ஏறாது. மின்தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஏறுவதற்கு ஆகும் நேரம் = இன்டக்டன்ஸ் × ஆம்பியர் ÷ வோல்ட். நமது மோட்டாருக்கு 24 வோல்ட்டில் இது 0.4 மில்லிவிநாடி, 48 வோல்ட்டில் 0.2 மில்லிவிநாடி.

இதை வேகத்தோடு ஒட்டிப் பாருங்கள். நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட, 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ நொடிக்கு 10 சுற்று சுழல வேண்டும். அதாவது நொடிக்கு 2000 முழு ஸ்டெப். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.5 மில்லிவிநாடி. 24 வோல்ட்டில் அதில் 0.4 மில்லிவிநாடி மின்னோட்டம் ஏறுவதற்கே போய்விடுகிறது. மோட்டார் சுழலும்போது தானே உண்டாக்கும் எதிர் வோல்டேஜும் சேர்ந்துகொள்ள, சுருளுக்கு 3 ஆம்பியர் கிடைக்கவே கிடைக்காது. "கையால் பிடித்தால் நிற்காத மோட்டார், வேகமாக ஓடும்போது மட்டும் ஊ என்று கத்திவிட்டு நிற்கிறது" என்று சொல்கிறவர்களின் இயந்திரங்களில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அவர்கள் பெரிய மோட்டார் வாங்க ஓடுகிறார்கள். தேவைப்பட்டது கூடுதல் வோல்டேஜ்.

நிற்கும்போதும் மெல்ல நகரும்போதும் உள்ள முறுக்குவிசையை ஆம்பியர் தீர்மானிக்கிறது. அந்த விசை எந்த வேகம் வரை குறையாமல் நிற்கும் என்பதை வோல்டேஜ் தீர்மானிக்கிறது. வோல்டேஜை இரட்டித்தால் அந்த எல்லை வேகமும் ஏறத்தாழ இரட்டிக்கும்.

சரி, எத்தனை வோல்ட் வைக்க வேண்டும்?

நடைமுறையில் வெகுநாளாகப் புழங்கும் ஒரு சூத்திரம் உண்டு: இன்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்குங்கள். 3.2-இன் வர்க்கமூலம் 1.79, பெருக்கினால் 57 வோல்ட். இதை அடைந்தே தீர வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், இது மேல் வரம்பு. இதற்கு மேலே போனால் மோட்டாரின் இரும்புப் பகுதி வீணாகச் சூடேறும், பயன் சொற்பம்.

இரண்டாவது வரம்பு டிரைவருடையது. ஏ4988 சிப் 35 வோல்ட் வரை தாங்கும். டிஆர்வி8825 சிப் 45 வோல்ட் வரை. டிஎம்சி2209 சிப் 29 வோல்ட்தான். டிபி6600 சிப்பை 42 வோல்ட்டுக்குள் இயக்க வேண்டும். டிஎம்542 வகை டிஜிட்டல் டிரைவர்களுக்கு 20 முதல் 50 வோல்ட் வரை. இவை விளிம்பு எண்கள்; அந்த விளிம்பில் போய் உட்காரக் கூடாது. மேசை வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி வோல்டேஜைத் திருப்பி அனுப்பும் (அதைப் பற்றிக் கீழே விரிவாக). ஆகவே விளிம்புக்குப் பத்து விழுக்காடாவது கீழே நில்லுங்கள்.

இரண்டு வரம்புகளில் எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு. நமது மோட்டாரை டிஎம்542 டிரைவரில் ஓட்டினால் 57-ஐ மறந்துவிட்டு 42 முதல் 45 வோல்ட்டுக்குள் வைப்பேன். 50 வோல்ட் டிரைவருக்கு 48 வோல்ட் சப்ளையை அப்படியே இணைத்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். பல இயந்திரங்கள் ஓடவும் செய்கின்றன. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 48 வோல்ட் சப்ளைகளில் வெளியீட்டு முனைகளுக்குப் பக்கத்தில் சிறிய திருகு ஒன்று இருக்கும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு அதைத் திருகி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 44-க்கு அருகே வந்தால் வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் 36 வோல்ட் சப்ளையை வாங்கி, அதையே சற்று ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டு மோட்டார்களில் ஒன்றுக்கு நிலைப்பிடிப்பு முறுக்குவிசை அதிகம். அதைத்தானே வாங்க வேண்டும்?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது அந்த எண்ணைத்தான். அது பூஜ்ய வேகத்தில் அளந்தது. உங்கள் இயந்திரம் பூஜ்ய வேகத்தில் எதையும் வெட்டப்போவதில்லை. அதிக விசைக்காக நீளமாகக் கட்டி, நிறையச் சுற்றுகள் சுற்றிய மோட்டாரின் இன்டக்டன்ஸ் 6.8 மில்லிஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சூத்திரப்படி அதற்கு 83 வோல்ட் வேண்டும். அதை 36 வோல்ட்டில் கட்டிப்போட்டால், 1.6 மில்லிஹென்றி உள்ள சிறிய மோட்டார் வேகத்தில் அதை எளிதாக முந்திவிடும். சிறியதற்கு 40 வோல்ட்டே போதும்.

நெமா 23 என்பது முன்தட்டின் அளவு மட்டுமே. ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் சதுரம். பலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இன்டக்டன்ஸ் குறிப்பிடாத விற்பனைப் பக்கத்தில் மோட்டார் வாங்காதீர்கள். வேகம்–முறுக்குவிசை வரைபடமும் கொடுத்திருந்தால், அது எத்தனை வோல்ட்டில் எடுத்தது என்று பார்த்துவிட்டுப் பிறகு நம்புங்கள்.

டிரைவரின் மேல் ஒட்டிய அட்டவணையில் இரண்டு ஆம்பியர் எண்கள் இருக்கின்றன. எதை எடுப்பது?

ஒன்று உச்ச மின்னோட்டம், மற்றொன்று ஆர்எம்எஸ் (அதே சூட்டைத் தரும் நிலையான மின்னோட்டத்தின் அளவு). மைக்ரோஸ்டெப்பில், அதாவது ஒரு முழு ஸ்டெப்பைப் பல சிறு பங்குகளாகப் பிரித்து ஓட்டும்போது, சுருளின் மின்னோட்டம் சைன் அலையாக ஏறி இறங்குகிறது. அலையின் நுனி உச்சம், அதை 1.41-ஆல் வகுத்தால் ஆர்எம்எஸ். டிஎம்542 டிரைவரின் கடைசி நிலை உச்சத்தில் 4.20 ஆம்பியர், ஆர்எம்எஸ் கணக்கில் 3.00. இரண்டும் ஒரே அமைப்பின் இரண்டு பெயர்கள்.

மோட்டார் லேபிளில் உள்ள 3 ஆம்பியர், இரண்டு சுருளிலும் ஒரே சமயத்தில் 3 ஆம்பியர் நிலையாக ஓடினால் தாங்கும் சூட்டைக் கொண்டு சொன்னது. ஆகவே ஆர்எம்எஸ் 3.00 வரை போவது கணக்குப்படி சரியே. சுழலும்போது மொத்தச் சூடு லேபிள் அளவைத் தாண்டாது. ஆனாலும் முதல் நாளே அங்கே போக வேண்டாம் என்பேன். உச்சம் 3.31 என்ற நிலையில் தொடங்குங்கள். இயந்திரம் தன் வேலையைச் செய்கிறதென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் மட்டும் ஒவ்வொரு நிலையாக ஏற்றுங்கள். லேபிள் அளவைத் தாண்டி ஏற்றுவதால் விசை அதே விகிதத்தில் கூடாது, இரும்பு நிறைவுற்றுவிடும். சூடோ ஆம்பியரின் வர்க்கமாக ஏறும்.

சில மலிவான டிரைவர்களில் ஒரே ஒரு எண்தான் இருக்கும், அது எது என்றும் எழுதியிருக்காது. அப்போது அதை உச்சம் என்று கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது: அது ஆர்எம்எஸ்ஸாக இருந்தால் 1.4 மடங்கு ஆம்பியரை ஊட்டிக்கொண்டிருப்பீர்கள். அதை ஆர்எம்எஸ் என்றே கொண்டு தொடங்குங்கள். விசை போதாவிட்டால் பிறகு ஏற்றலாம்.

டிரைவரில் இந்த அமைப்புகளை வைக்கும் சிறு டிப் ஸ்விட்சுகளை மின்சாரத்தை நிறுத்திய பிறகே மாற்றுங்கள்.

பாதி மின்னோட்ட ஸ்விட்சை எப்படி வைப்பது?

டிஎம்542 வகையில் நான்காவது ஸ்விட்ச் அது. ஆஃப் நிலையில், மோட்டார் நின்ற சற்று நேரத்தில் மின்னோட்டம் பாதியாகிறது. ஆன் நிலையில் முழு மின்னோட்டம் நீடிக்கிறது. பாதி ஆம்பியரில் சூடு கால்வாசிதான். மைக்ரோஸ்டெப் டிரைவர் நிற்கும் இடம் அலையின் நுனியாக அமைந்துவிட்டால், ஒரே சுருள் முழு உச்ச மின்னோட்டத்தையும் சுமந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும். அதற்காகவே பாதி நிலை நல்லது.

பெரும்பாலான இயந்திரங்களுக்கு ஆஃப் போதும். வெட்டும் கருவியைச் சுழற்றும் கனமான ஸ்பிண்டிலைத் தொங்கவிட்டிருக்கும் இசட் அச்சில், ஸ்க்ரூவின் புரியிடை (சுற்றுக்கு நகரும் தூரம்) பெரியதாக இருந்தால், பாதி மின்னோட்டத்தில் மெல்ல இறங்கக்கூடும். அந்த ஒரு டிரைவரில் மட்டும் முழு மின்னோட்டம் வையுங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அர்டுயினோ பலகையில் ஓடி டிரைவர்களுக்குத் துடிப்பு அனுப்பும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் $1 என்ற அமைப்பு, நின்றபின் எத்தனை மில்லிவிநாடியில் மோட்டார்களை முழுமையாக விடுவிப்பது என்பதைக் குறிக்கிறது. டிரைவரின் இயக்க முனையை (எனேபிள்) இணைத்திருந்தால் அதை 255 என்று வையுங்கள், விடுவிக்கவே விடுவிக்காது. இல்லாவிட்டால் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே அச்சு அருகிலுள்ள முழு ஸ்டெப்புக்கு நழுவி, அளவு கெடும்.

மோட்டாரில் கை வைக்க முடியவில்லை. பழுதா?

பழுதில்லை. உறையின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸ் வரை போவதைப் பெரும்பாலான ஸ்டெப்பர்கள் தாங்கும். 60 டிகிரியிலேயே நம் விரல் தாங்காது. மோட்டாரைத் தாங்கும் பகுதி அச்சிட்ட பிளாஸ்டிக் என்றால் கதை வேறு: பிஎல்ஏ அந்தச் சூட்டில் இளகும். வெப்பமானியை வைத்து அளந்து முடிவெடுங்கள்.

மைக்ரோஸ்டெப் எத்தனை வைப்பது? அதிகம் வைத்தால் துல்லியம் கூடுமா?

8. சற்று மென்மையாக ஓட வேண்டுமென்றால் 10 அல்லது 16. அதற்கு மேலே போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

துல்லியம் கூடும் என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருப்பதால் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு மைக்ரோஸ்டெப் நகர்த்தினால், தண்டு உடனே நகர்ந்துவிடாது; உராய்வை வெல்லும் அளவுக்கு விசை சேர்ந்த பிறகே நகரும். ஒரு மைக்ரோஸ்டெப் சேர்க்கும் விசை, 90 டிகிரியை மைக்ரோஸ்டெப் எண்ணால் வகுத்து வரும் கோணத்தின் சைன் மதிப்பு. 8 என்றால் 11.25 டிகிரி: நிலைப்பிடிப்பு விசையில் 19.5 விழுக்காடு. 16 என்றால் 9.8 விழுக்காடு. 32 என்றால் வெறும் 4.9. ஸ்க்ரூவும் தண்டவாளமும் அதைவிட அதிகமாக இழுத்துப் பிடித்தால், இரண்டு மூன்று மைக்ரோஸ்டெப் சேர்ந்தபிறகே மேசை அசையும். திரையில் நுண்ணிய எண் தெரியும், உலோகத்தில் தெரியாது. மெல்ல நகரும்போது அதிர்வும் சத்தமும் குறைவதுதான் மைக்ரோஸ்டெப்பின் உண்மையான பயன்.

இன்னொரு பக்கம், அதிக மைக்ரோஸ்டெப் கட்டுப்பாட்டுப் பலகையைத் திணறடிக்கும். 8 வைத்தால் சுற்றுக்கு 1600 துடிப்பு (ஒரு துடிப்புக்கு ஒரு மைக்ரோஸ்டெப்), மில்லிமீட்டருக்கு 320. நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் ஓட நொடிக்கு 16,000 துடிப்பு போதும். 32 வைத்தால் அதுவே 64,000. அர்டுயினோ ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் நொடிக்கு 30,000 வரைதான் தரும். கணினியில் ஓடும் மாக்3 மென்பொருளை அச்சுப்பொறி முனை (பேரலல் போர்ட்) வழியாக ஓட்டினால் தொடக்க அமைப்பு 25,000. இப்படித் திணறி நிற்கும் இயந்திரத்தைப் பார்த்து மோட்டார் வலுவில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு.

பவர் சப்ளைக்கு எத்தனை ஆம்பியர்? மூன்று மோட்டார், ஆளுக்கு 3 ஆம்பியர், ஒன்பது போதுமா?

ஆறு போதும். மோட்டார்களின் லேபிள் ஆம்பியர்களைக் கூட்டி, அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுங்கள். நமது மூன்றுக்கும் 6 ஆம்பியர். 44 வோல்ட்டில் 264 வாட். ஆகவே 350 வாட் சப்ளை இடைவெளியோடு பொருந்தும். ஒய் அச்சில் இரண்டு மோட்டார் வைத்து மொத்தம் நான்கு என்றால் 8 ஆம்பியர். 350 வாட்டில் இறுக்கமாகிவிடும், 500 வாட் பாருங்கள்.

ஏன் குறைகிறது என்று வியப்பவர்களுக்கு: சாப்பர் டிரைவர் வோல்டேஜை இறக்கி ஆம்பியரைக் கூட்டிக் கொடுக்கும் கருவி. மோட்டார் 3 ஆம்பியரில் நிற்கும்போது இரு சுருளிலும் சேர்ந்து வீணாகும் ஆற்றல் ஏறத்தாழ 20 வாட். அதை 44 வோல்ட்டில் எடுக்க அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. வேகமாகச் சுழன்று வேலை செய்யும்போதுதான் இழுப்பு ஏறும்; எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போவது அரிது.

ஒரே சப்ளை போதாதபோது இரண்டு வாங்குங்கள், தவறில்லை. இரண்டு டிரைவருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். ஆனால் இரண்டின் நேர்முனைகளையும் ஒன்றாக இணைத்து ஒரே சப்ளையாக்காதீர்கள். அதற்கென்றே வடிவமைத்தவை அல்லாதவற்றில் ஒன்று முழுச் சுமையையும் ஏற்றுத் தடுமாறும்.

ஸ்விட்சிங் வகை நல்லதா, டிரான்ஸ்பார்மர் வகையா?

எளிதில் கிடைப்பதும், இலேசானதும், வோல்டேஜை நிலையாக வைத்திருப்பதும் ஸ்விட்சிங் சப்ளை. முதல் இயந்திரத்துக்கு அதுவே போதும். இரண்டு குறைகள் அதில் உண்டு. திடீர் இழுப்பு வந்தால் பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொண்டு வெளியீட்டை நிறுத்திவிடும். டிரைவர்கள் ஒரு கணம் இறந்து எழும், அளவு போய்விடும். மூன்றில் இரண்டு பங்கு கணக்குக்கு மேலே இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது குறை திரும்பி வரும் ஆற்றல். வேகமாக ஓடும் பாலத்தை (ஸ்பிண்டிலைச் சுமக்கும் குறுக்குச் சட்டத்தை) சட்டென்று நிறுத்தும்போது அதன் இயக்க ஆற்றல் எங்காவது போக வேண்டும். கொஞ்சம் உராய்விலும் சுருளிலும் சூடாகிறது. மிச்சம் டிரைவர் வழியாகச் சப்ளைக்குத் திரும்புகிறது. சப்ளையோ வாங்கிக்கொள்ளத் தெரியாதது. மின்தேக்கியில் அது குவிந்து வோல்டேஜ் ஏறுகிறது. 30 கிலோ பாலம் நொடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் ஓடினால் அதன் ஆற்றல் 0.6 ஜூல். சப்ளையின் வெளியீட்டில் 2000 மைக்ரோஃபாரட் இருந்து, வோல்டேஜ் 48 என்றால், அங்கே ஏற்கனவே இருப்பது 2.3 ஜூல். இழப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2.9 ஜூல் சேர்ந்து வோல்டேஜ் 54-ஐத் தொடும். 50 வோல்ட் டிரைவருக்கு இது கண்டம். இழப்புகள் இருப்பதால்தான் பலரின் இயந்திரம் பிழைத்திருக்கிறது. டிரைவர்களுக்கு அருகே 4700 அல்லது 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தால் ஏற்றம் பெருமளவு அடங்கும். அதிகமாகச் சேர்த்தால் சில ஸ்விட்சிங் சப்ளைகள் தொடங்கவே மறுக்கும், அளவோடு செய்யுங்கள்.

டிரான்ஸ்பார்மர், பாலம் டையோடு, பெரிய மின்தேக்கி என்ற பழைய வழி முரட்டுத்தனமானது, நல்ல பொருளில். திடீர் இழுப்புக்கு அசராது, திரும்பும் ஆற்றலை விழுங்கிக்கொள்ளும். பெரிய இயந்திரமென்றால் என் மனம் அதன் பக்கமே சாய்கிறது. அதில் வோல்டேஜைத் தேர்வதுதான் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை.

36 வோல்ட் டிரான்ஸ்பார்மர் கையில் இருக்கிறது. 50 வோல்ட் டிரைவருக்குச் சரியாக இருக்குமல்லவா?

சரியாக இருக்காது, டிரைவரைக் கொன்றுவிடும். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருப்பது மாறுதிசை மின்சாரத்தின் ஆர்எம்எஸ் அளவு. டையோடும் மின்தேக்கியும் சேர்ந்தபின் கிடைப்பது அதன் உச்சம்: 36 × 1.414 = 50.9, டையோடுகளில் 1.4 கழித்தால் 49.5. சுமை இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் தன் லேபிளைவிடச் சில விழுக்காடு அதிகமாகவே தரும். மின் இணைப்பில் அழுத்தம் பத்து விழுக்காடு ஏறிய இரவில் அது 54-ஐத் தாண்டிவிடும்.

அந்த டிரைவருக்கு 28 வோல்ட் எடுங்கள். இயல்பில் 38 வோல்ட் வரும். அழுத்தம் பத்து விழுக்காடு ஏறினால் 42, சுமையும் இல்லாவிட்டால் 45-ஐ ஒட்டி நிற்கும். மின்தேக்கிக்கு: மின் இணைப்பு 50 ஹெர்ட்ஸ் என்றால் நிரப்பல் நூறில் ஒரு நொடிக்கு ஒருமுறை. 6 ஆம்பியர் இழுப்பில் ஏற்ற இறக்கம் 4 வோல்ட்டுக்குள் இருக்க 15,000 மைக்ரோஃபாரட் வேண்டும். அதன் முனைகளுக்குக் குறுக்கே 1 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். மின்சாரத்தை நிறுத்தி முக்கால் நிமிடத்தில் வோல்டேஜ் 2-க்கு இறங்கிவிடும். இல்லாவிட்டால் மறுநாள் கை வைக்கிறவரைச் சீண்டும். வளைய வடிவ டிரான்ஸ்பார்மர் தொடங்கும் கணத்தில் பேரளவு மின்சாரம் இழுக்கும். உள்வரும் பக்கம் மெதுவாக உருகும் ஃப்யூஸ் போடுங்கள்.

ஒயரிங்கில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் படியுங்கள்: மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள், மாட்டாதீர்கள். ஓடும் மின்னோட்டத்தைத் துண்டித்தால் சுருள் பல மடங்கு வோல்டேஜை எழுப்பும். டிரைவரின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் அந்தக் கணமே போகும். தளர்ந்த கனெக்டரும் அதே வேலையைச் செய்யும். திருகு முனைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்.

சப்ளையிலிருந்து ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஜோடி ஒயர் கொடுங்கள், முறுக்கிக் கொடுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவிட்டால், கடைசி டிரைவர் மற்றவற்றின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும். மோட்டார் கேபிளுக்கு 0.75 முதல் 1 சதுர மில்லிமீட்டர் போதும், ஆனால் உறைவலை (ஷீல்டு) உள்ளது வேண்டும். அந்த வலையைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கம் மட்டும் எர்த்தில் இணையுங்கள். சப்ளையின் உலோக உறைக்கு எர்த் கட்டாயம். பக்கவாட்டில் 115/230 ஸ்விட்ச் இருந்தால், முதல் முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

டிரைவரின் துடிப்பு உள்ளீடு 5 வோல்ட்டுக்கானது என்றால், 24 வோல்ட் கட்டுப்பாட்டுக் கருவியை இணைக்கும்போது ஒவ்வொரு கோட்டிலும் 2 கிலோஓம் ரெசிஸ்டர் வேண்டும். 3.3 வோல்ட் பலகைகளில் நேர்மாறான தொல்லை: சில டிரைவர் ஏற்கும், சில விட்டுவிட்டு ஏற்கும். 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சிடி245 போன்ற பஃபர் சிப் ஒன்றை நடுவில் வைத்தால் தீர்ந்தது.

வெட்டி முடித்துத் தொடக்கப் புள்ளிக்கு வந்தால் அளவு தள்ளிப்போயிருக்கிறது. எங்கே தேடுவது?

எத்தனை மில்லிமீட்டர் தள்ளியது என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணே பாதி வழியைக் காட்டும்.

சுமை தாங்காமல் மோட்டார் நழுவினால், அது ஒரு மைக்ரோஸ்டெப் நழுவுவதில்லை. காந்தப்புலம் ஒரு முழுச் சுற்று வந்து மறுபடி பிடித்துக்கொள்ளும்வரை, அதாவது நான்கு முழு ஸ்டெப் நழுவும். 200-இல் நான்கு, 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில்: 0.1 மில்லிமீட்டர். ஆகவே பிழை 0.1, 0.3, 2.4 என்று 0.1-இன் மடங்காக, ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக வந்தால் அது வோல்டேஜ், முடுக்கம், இறுகிய தண்டவாளம் ஆகியவற்றின் வேலை.

பிழை ஒரே திசையில், கோப்பு நீளமாக ஆக ஆகச் சீராக வளர்ந்தால் கதை வேறு. திசை மாறும்போது திசைச் சமிக்ஞை துடிப்புக்கு முன்பே வந்து நிற்க வேண்டும். டிஎம்542 வகைக்கு 5 மைக்ரோவிநாடி முன்னதாக. டிரைவர் உள்ளீட்டில் சமிக்ஞையை ஒளிவழியாகக் கடத்தும் மலிவான ஆப்டோகப்ளர் ஆன் ஆவதைவிட ஆஃப் ஆக அதிக நேரம் எடுக்கும். அதனால் ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் நேரம் பற்றாமல் ஒரு துடிப்பு பழைய திசையிலேயே போய்விடும். ஒருமுறை இழப்பது ஓரிரு மைக்ரோஸ்டெப், 0.003 அல்லது 0.006 மில்லிமீட்டர். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆயிரம் திருப்பங்கள் உள்ள செதுக்கல் வேலையில் அதுவே 3 முதல் 6 மில்லிமீட்டர்.

சோதனை எளிது. மேசையில் டயல் கேஜ் ஒன்றை நிறுத்தி ஊசியைப் பூஜ்யத்தில் வையுங்கள். எதையும் வெட்டாமல், 1 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் 500 முறை மிதமான வேகத்தில் ஓட்டுங்கள். ஊசி பூஜ்யத்துக்குத் திரும்பாமல் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் சமிக்ஞைதான் குற்றவாளி. துடிப்பின் எந்த விளிம்பில் டிரைவர் நகர்கிறது என்பது தலைகீழாகியிருக்கலாம்: ஜிஆர்பிஎல்லில் $2 அமைப்பை மாற்றிப் பாருங்கள். துடிப்பு மெலிந்திருக்கலாம்: $0 அமைப்பில் 10 மைக்ரோவிநாடி இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றியபின் அதே 500 முறையை மறுபடி ஓட்டி ஊசியைப் பாருங்கள்.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் மோட்டார் அதிர்ந்து நிற்கிறது. அதைவிட வேகமாகப் போனால் ஓடுகிறது. ஏன்?

ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளினால் ஆட்டம் ஏறிக்கொண்டே போவதைப் போல, ஸ்டெப்புகள் சுழலியின் இயல்பு அதிர்வோடு ஒத்துப்போகும்போது அது கட்டுக்கடங்காமல் ஆடிப் பிடியை விடுகிறது. நொடிக்கு ஒன்றிரண்டு சுற்றில் வருவதை மைக்ரோஸ்டெப் அடக்கிவிடும். நொடிக்கு 5 முதல் 15 சுற்று வரையிலான நடுவேகத்தில் வருவது பிடிவாதமானது. அதை அடக்கும் சுற்று டிஜிட்டல் டிரைவர்களில் உள்ளேயே இருக்கிறது. டிபி6600 போன்ற எளிய சிப்புகளில் கிடையாது. மற்ற எந்தச் சிறப்பைக் காட்டிலும் இதற்காகவே டிஜிட்டல் டிரைவருக்குச் சற்று அதிகம் செலவழிக்கலாம். சில டிஜிட்டல் டிரைவர்கள், நான்காவது ஸ்விட்சை ஒரு நொடிக்குள் முன்னும் பின்னும் மாற்றினால் மோட்டாரை அளந்து தம்மைச் சரிசெய்துகொள்ளும். இது மட்டும் மின்சாரம் இருக்கும்போது செய்வது. உங்கள் டிரைவரின் கையேட்டில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

எட்டு ஒயர் மோட்டாரை எப்படி இணைப்பது?

எட்டு ஒயர் மோட்டாரில் ஒவ்வொரு பேஸும் இரண்டு பாதிச் சுருள்களாக இருக்கும். சிஎன்சிக்கு அவற்றைப் பேரலலாக, அதாவது இணையாக இணையுங்கள். அப்போது மின்னோட்டம் லேபிளில் உள்ள யூனிபோலார் (ஒரு பாதிச் சுருளில் மட்டும் ஓட்டும்) அளவைப்போல் 1.4 மடங்கு, இன்டக்டன்ஸ் மாறாது. தொடராக இணைத்தால் மின்னோட்டம் 0.7 மடங்காகக் குறையும், ஆனால் இன்டக்டன்ஸ் நான்கு மடங்காகி வேகம் போய்விடும். ஜோடி தெரியாவிட்டால், இரண்டு ஒயரை ஒட்டிப் பிடித்துத் தண்டைத் திருப்புங்கள்; திருப்பக் கடினமானால் அவை ஒரே சுருள்.

உச்ச வேகமும் முடுக்கமும் எவ்வளவு வைப்பது?

மேலே உள்ள எல்லாவற்றையும் முடித்த பிறகே இதற்கு வாருங்கள். முடுக்கத்தைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாக, மோட்டார் நின்றுபோகும்வரை வேகத்தை ஏற்றுங்கள். நின்ற வேகத்தில் அறுபது விழுக்காட்டை உச்சமாக வையுங்கள். அந்த உச்சத்தை வைத்துக்கொண்டு முடுக்கத்தையும் அதேபோல் ஏற்றி, நின்ற இடத்திலிருந்து பாதியை எடுங்கள். ஜிஆர்பிஎல்லில் எக்ஸ் அச்சுக்கு இவை $110, $120. மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்பது $100. ஸ்பிண்டில் சூடேறி, ஸ்க்ரூவில் எண்ணெய் தடித்து, பொடி படிந்திருக்கும் நாளிலும் இயந்திரம் அளவு தப்பாமல் ஓட வேண்டும். விட்டுவைக்கும் இடைவெளி அதற்காக.

க்ளோஸ்டு லூப் ஸ்டெப்பர் வாங்கினால் இந்தத் தொல்லைகளெல்லாம் தீருமா?

தண்டின் நிலையை அளக்கும் சென்சார் அதில் உண்டு. நழுவினால் தெரிந்துகொண்டு திருத்தும், திருத்த முடியாவிட்டால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும். விலையுயர்ந்த பொருளை வெட்டுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதன் சுருளும் அதே இன்டக்டன்ஸ் விதிக்குக் கட்டுப்பட்டது. குறைந்த வோல்டேஜ் கொடுத்தால் அதுவும் வேகத்தில் தளரும், தளர்ந்ததை உங்களுக்கு எச்சரிக்கை விளக்காகக் காட்டும். கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து துடிப்பே தவறான திசையில் வந்தால், அதை அப்படியே நம்பிப் பின்தொடரும். முதலில் வோல்டேஜையும் ஆம்பியரையும் ஒயரிங்கையும் சரிசெய்யுங்கள். அதன்பிறகும் தேவை இருந்தால் வாங்குங்கள். அப்போது அதற்குரிய எச்சரிக்கை வெளியீட்டை மறக்காமல் கட்டுப்பாட்டுப் பலகையின் நிறுத்த உள்ளீட்டில் இணையுங்கள். அந்த ஒயரை இணைக்காமல் விட்டால், அது நழுவியதைச் சொன்னாலும் கேட்க ஆளிருக்காது.